வெளிநாட்டுப் படை வந்து போன பிறகு: உயர்தர வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

வாவிக்கரை வாத்தியார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம், நிலைகுலைந்த நாடுகளில் வெளிநாட்டுப் படைகள் தலையிடுவதால் ஏற்படும் விளைவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிற்பகல் கடைசிப் பாடவேளை என்பதால் பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்கிவழிந்துகொண்டிருந்தார்கள். ஈராக், லிபியா என்று வழக்கமான பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சேர், இந்தியன் ஆமி வந்த அண்டைக்கு எங்கட அம்மம்மா பூமாலையோட றோட்டில நிண்டவவாம். பிறகு அதே ஆமிதான் எங்கட மாமாவப் புடிச்சி அடிச்சதாம். இத லிபியாக் கணக்கில போடுறதா, ஈராக் கணக்கில போடுறதா?" என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டது. எனக்குத்தான் பதில் வரவில்லை.

லிபியாவைப் பற்றி நான் சொல்லிவருவது இதுதான். பெங்காசியில் பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதற்கென்று 2011 மார்ச் 17ஆந் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1973ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன, ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து எவரும் வாக்களிக்கவில்லை. ஒக்டோபர் 20இல் கடாபி கொல்லப்பட்டார், அம்மாத இறுதியிலேயே நேட்டோ தன் நடவடிக்கையை முடித்துக்கொண்டது. 2014 ஆகும்போது அந்த நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. கடாபியின் களஞ்சியங்களிலிருந்த ஆயுதங்களும், அவரிடம் சம்பளம் வாங்கிய துவாரெக் இனப் போராளிகளும் பாலைவனத்தைக் கடந்து மாலிக்குப் போய்ச் சேர, 2012இல் அங்கே கிளர்ச்சியும் இராணுவப் புரட்சியும் மூண்டன. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படை மாலிக்குள் இறங்கியது. ஒரு தலையீட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த தலையீடு வந்தது.

இவ்வளவையும் நான் பார்க்காமல் ஒப்பிப்பேன். ஆனால் 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய அமைதிப்படை நின்றபோது நமது மாவட்டத்தில் நடந்ததை இந்த அளவு ஒழுங்காக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது எனக்கு நான்கு வயது. வீட்டில் பெரியவர்கள் பேசுவார்கள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

நமது அனுபவத்தையும் வெளிநாட்டு உதாரணங்களையும் ஒரே பாடத்தில் எப்படி வைப்பது? எந்த விளைவுகள் எங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன, எவை இடத்துக்கு இடம் மாறுகின்றன? எந்த இயக்கம் சரி, எந்த இயக்கம் பிழை என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாமென்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

திருக்கோவில் கடற்கரை

வாத்தியார் அவர்களுக்கு வணக்கம். நான் தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான 1987 ஜூலை 29ஆந் திகதி எனக்கு இருபத்தாறு வயது. ஆகவே கேள்விப்பட்டதை அல்ல, கண்டதைச் சொல்கிறேன்.

மாலை போட்டது உண்மை. அதைச் சொல்ல இன்று பலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட எதுவுமில்லை. அதுவரை இலங்கை அரசின் விசேட அதிரடிப்படையின் ஜீப் சத்தம் கேட்டால் வேலியால் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்த இளைஞர்கள், அந்தப் படை முகாமுக்குள் முடங்கியதும் முதன்முறையாகப் பகலில் சந்திக்கு வந்து தேநீர் குடித்தார்கள். அந்த இரண்டு மாத நிம்மதிக்குத்தான் மாலை. ஒக்டோபர் 10ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது, நிம்மதியும் முடிந்தது. பிறகு சுற்றிவளைப்பு, பாடசாலை மைதானத்தில் வெயிலில் இருத்துதல், சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி, அவன் தலை அசைந்தால் ஒருவனுடைய வாழ்க்கையே அசைந்துவிடும் என்ற நிலை. எல்லாம் முன்பு நாம் அறிந்தவைதான், கேட்கும் மொழி மட்டும் சிங்களத்துக்குப் பதிலாக ஹிந்தியாக இருந்தது. மட்டக்களப்பில் அன்னை பூபதி 1988 மார்ச் 19ஆந் திகதி மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் இருந்தபோது அவர் கேட்டவை இரண்டே விடயங்கள்: போரை நிறுத்துங்கள், பேச்சுவார்த்தை நடத்துங்கள். ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 19ஆந் திகதி அவர் இறந்தார்.

ஆனால் என் கணக்கில் இவற்றைவிடப் பெரிய விளைவு வேறொன்று. படை போவதென்று தீர்மானமான பிறகுதான் அது தொடங்கியது.

1989ஆம் ஆண்டு நடுப்பகுதியில், தாங்கள் போன பின் வடகிழக்கு மாகாண அரசாங்கத்தைக் காப்பாற்ற ஒரு படை வேண்டுமென்று தமிழ்த் தேசிய இராணுவத்தை உருவாக்கினார்கள். இந்தியா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது, அவர்களோடு நின்ற இயக்கங்கள் ஆட்களைச் சேர்த்தன. சேர்த்தன என்று எழுதுவது மரியாதைக்குத்தான். ஊரில் அதற்குப் பெயர் பிள்ளைபிடி. என் தாய்மாமனின் மகன், எனக்கு மச்சான் முறை, அப்போது பதினேழு வயது. ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவனைச் சந்தியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமி மறுநாளே சோற்றுப் பொதியோடு முகாம் வாசலில் போய் நின்றா. மூன்றாம் நாள்தான் அவனை வெளியே விட்டுக் காட்டினார்கள், நானும் கூடப் போயிருந்தேன். அவனுக்குக் கொடுத்த காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். சப்பாத்து கிடையாது, ரியூசனுக்குப் போட்டுக்கொண்டு போன அதே செருப்பு. தோளில் மட்டும் எண்ணெய் மணம் மாறாத புதுத் துவக்கு. மாமியைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது, சைக்கிளை யாராவது எடுத்து வைத்தீர்களா என்பதைத்தான்.

அமைதிப்படை முதலில் காலிசெய்தது நமது அம்பாறை மாவட்டத்தைத்தான். ஒக்டோபர் இறுதியில் ட்ரக் வண்டிகள் வரிசையாகப் போயின. கூடாரங்களைக்கூடச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை மண்மூட்டைகளுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்களுக்குள் புலிகள் அந்த முகாம்களை அடித்தார்கள். மச்சான் வரவில்லை. சைக்கிள் நெடுங்காலம் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது.

2021 ஓகஸ்ட் 15ஆந் திகதி காபூல் விழுந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆப்கான் படையினர் சீருடையைக் கழற்றி வீதியோரத்தில் போட்டுவிட்டு ஓடியதாகச் சொன்னார்கள். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தா. இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆப்கான் பாதுகாப்புப் படையில் காகிதத்தில் மூன்று இலட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தவர்கள். விமானங்களைப் பழுதுபார்த்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் போனதும் விமானங்கள் தரையில் கிடந்தன. வெளியார் கட்டிக்கொடுக்கும் படை வெளியாரின் எண்ணெயிலும் சம்பளத்திலும் வானூர்தியிலும் நிற்பது. அவை போய்விட்டால், பின்னால் நிற்பவன் எதற்காக நிற்கவேண்டும் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே அந்த மாணவியிடம், வந்த நாளையும் அடித்த நாளையும் மட்டுமல்ல, போன நாளையும் அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று சட்டத்தரணி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். திருக்கோவில் அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நானும் அதே வீதியில் பத்து மைலுக்கு வடக்கே வளர்ந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் நினைவிலிருப்பது வேறு கதை. அதையும் வாத்தியார் வகுப்பில் வைக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எந்தத் தலையீட்டை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது கையொப்பம் இடப்பட்ட பக்கத்தைத்தான். இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கையொப்பமிட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்கவேண்டிய தமிழ் இயக்கங்கள் அதில் தரப்பினரல்ல. வடக்கோடு இணைக்கப்பட்ட கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. இணைப்பு நீடிக்கவேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் 1988 இறுதிக்குள் சர்வசன வாக்கெடுப்பு நடத்துவதாக எழுதியிருந்தார்கள். அது தள்ளித் தள்ளிப்போய், கடைசிவரை நடக்கவேயில்லை. 1988 நவம்பரில் நடந்த மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களில் 17ஐப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்ததை, எங்களையும் கணக்கில் எடுங்கள் என்று மக்கள் எழுதிய விண்ணப்பமாகவே நான் வாசிக்கிறேன். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தால் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தமும் மாகாண சபைகளும் மிஞ்சின. அவற்றிலும் கிழக்கு மாகாண சபை 2017இல் காலம் முடிந்து கலைந்தபின் தேர்தலைக் காணவில்லை. படை வந்துபோய் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் சட்டப் பத்திரங்களோடு நாங்கள் நீதிமன்றங்களில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதே கையொப்பப் பிழையை 2020 பெப்ரவரி 29ஆந் திகதி தோஹாவிலும் செய்தார்கள். அமெரிக்காவும் தலிபான்களும் கையொப்பமிட்டார்கள். காபூலில் இருந்த அரசாங்கம் அறைக்கு வெளியே நின்றது. கொழும்பில் ஆயுததாரிகளை வெளியே விட்டார்கள், தோஹாவில் அரசாங்கத்தை வெளியே விட்டார்கள். வெளியே விடப்பட்டவனுக்கு ஒப்பந்தத்தைக் காப்பாற்றவேண்டிய கடமையுமில்லை, காப்பாற்றும் வலுவுமில்லை.

இன்னொன்று. தலையீட்டின் விளைவு படை நிற்கும் மாகாணத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. வடகிழக்கில் இந்தியப் படை நின்றதை வைத்தே தெற்கில் சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி. தன்னைத் தேசபக்தர்களின் இயக்கமாக நிறுத்திக்கொண்டது. 1987 முதல் 1989 வரை அங்கே கிளர்ச்சியிலும் அதை நசுக்கியதிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பிரேமதாச ஜனாதிபதியானதும் அந்தக் கோபத்தைத் தணிக்க இந்தியாவைப் போகச் சொன்னார். அதற்காகப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் போனபோதும் இதுதான் நடந்தது. தலைநகரைப் பிடித்து வைத்திருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு சிதறியது. அதற்குள் சிறு குழுவாக இருந்த அல்ஷபாப், அந்நியனை எதிர்ப்பவர்கள் என்ற பெயரோடு பெருத்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியர் வெளியேறினார்கள். அல்ஷபாப் இன்றும் இருக்கிறது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்கு அமைதிப்படையே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். செய்தவர்கள் செய்ததற்கு அவர்களே பொறுப்பு. ஆனால் அந்தக் கோடைக்கு முன்பிருந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் ஊர்களுக்குள் வந்து குவிந்த துவக்குகளின் எண்ணிக்கையையும், யார் யாருடைய ஆள் என்று ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒட்டப்பட்ட சீட்டையும் மறந்துவிட்டு அந்தக் கோடையை விளங்கப்படுத்த முடியாது.

வாழைச்சேனை மகள்

நான் அரசியல் படித்தவள் அல்ல. சிறிய விடயமொன்றைச் சேர்க்கிறேன். 1990 ஓகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தபோது எங்கள் உம்மா அங்கே வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். பாலைவன வழியாக ஜோர்தானுக்கு வந்து, கூடார முகாமில் கிடந்து, ஒரு துணிப்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் ஊரிலும் போர்; குவைத்தில் தப்பியவர் ஓட்டமாவடியில் ஒளிந்திருந்தார் என்று எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்குப் பிறகு உம்மாவுக்கு நட்டஈடு கிடைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து ஐ.நா. ஆணைக்குழுவொன்று கொடுத்த பணம் அது. நம் நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் பெற்றார்கள். எங்கள் வீட்டின் சீமெந்துத் தரை அந்தப் பணத்தில் போட்டதுதான். ஈராக் தன் கடைசித் தவணையை 2022இல்தான் கட்டி முடித்தது என்று செய்தியில் பார்த்தேன். அத்துமீறிய படைக்கு விலை போட்டு, பாதிக்கப்பட்டவளின் கையில் கொடுத்த சந்தர்ப்பம் ஒன்றும் இருக்கிறது என்பதற்காகவே எழுதினேன். அதே ஈராக்குக்குள் 2003இல் போனவர்களிடம், இல்லாத ஆயுதங்களைத் தேடிப் போனவர்களிடம், அப்படி எவரும் விலை கேட்கவில்லை என்பதையும் உங்கள் மாணவர்கள் கவனிக்கட்டும்.

மட்டுநகர், இப்போது சூரிச்

மேலே எழுதிய எவரோடும் எனக்குச் சண்டையில்லை. இருந்தாலும் இந்தத் திரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது, அதை ஆட்சேபிக்கிறேன்.

2009 ஏப்ரல், மே மாதங்களில், வன்னியில் இறுதிப்போர் நடந்தபோது, இந்த ஊரில் நாங்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் நின்றோம். எதற்காக நின்றோம்? வெளியார் எவராவது தலையிடவேண்டும் என்பதற்காக. ஐ.நா. ஊழியர்கள் 2008 செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டுப் போய்விட்டார்கள்; போகவேண்டாமென்று மக்கள் அவர்களுடைய அலுவலக வாசலில் கூடி நின்று கேட்டார்கள். தன் கடமையில் தவறியதாக ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு பற்றி 2005இல் உலகத் தலைவர்கள் ஏகமனதாகத் தீர்மானம் எடுத்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. தலையீட்டின் விளைவுகளைப் பட்டியலிடும் நாங்கள், தலையிடாமையின் விளைவை யாருடைய கணக்கில் எழுதுவது?

ருவாண்டாவைப் பாருங்கள். 1994 ஏப்ரலில் கொலை தொடங்கி இரண்டு வாரத்தில், அங்கிருந்த அமைதிகாப்புப் படையைக் கூட்டுவதற்குப் பதிலாகச் சில நூறு பேராகக் குறைக்கும்படி பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேரளவில் இறந்தார்கள். மறுபக்கம், 1971 டிசம்பர் 3ஆந் திகதி தொடங்கிய போரை இந்தியா 16ஆந் திகதி டாக்காவில் முடித்தது, பங்களாதேஷ் பிறந்தது. 1979 ஜனவரி 7ஆந் திகதி வியட்நாமியப் படை கம்போடியத் தலைநகர் நொம்பென்னுக்குள் நுழையாமலிருந்தால் அங்கே ஆண்ட பொல்பொட் இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருப்பான்? அந்த வியட்நாமைத்தான் உலகம் தண்டித்தது, ஐ.நா.வில் கம்போடியாவின் ஆசனம் பல ஆண்டுகள் பொல்பொட்டின் ஆட்களிடமே இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிரித்தானியா ஆயிரம் பேரளவில் சியரா லியோனுக்கு அனுப்பியது. 2002 ஜனவரியில் அங்கே போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கைகால் வெட்டப்பட்ட பிள்ளைகளின் ஊர் அது.

ஆகவே, சேர், உங்கள் மாணவிக்கு "வெளிநாட்டுப் படை வந்தால் கெடுதிதான்" என்று சொல்லிக்கொடுத்தால், பாதிப் பாடத்தையே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

திருக்கோவில் கடற்கரை

சூரிச் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2009இல் நானும் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு கப்பல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன்தான். 1987 ஜூன் 4ஆந் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்டதை நினைத்தபடி, அதன் பிறகு வந்த அத்தனையையும் கண்டவனே, மறுபடி வரமாட்டார்களா என்று காத்திருந்தேன். சாகக் கிடப்பவன் வைத்தியனின் பழைய பிழையை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் தம்பி சொன்ன உதாரணங்களுக்குள்ளேயே ஒரு வேறுபாடு கிடக்கிறது. வாத்தியாருக்குத் தேவையானது அதுதான் என்று நினைக்கிறேன். பங்களாதேஷில் இந்தியப் படை 1972 மார்ச் நடுப்பகுதியில், மூன்று மாதத்தில், புறப்பட்டுவிட்டது. அப்படிச் சீக்கிரம் போக எப்படி இயன்றது? 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 169 ஆசனங்களில் 167ஐ அவாமி லீக் வென்றிருந்தது. சாவியைக் கொடுப்பதற்கு, அந்த மக்களே முன்கூட்டித் தெரிந்துவைத்த ஒரு கை இருந்தது. (அந்தக் கையான ஷேக் முஜிபுர் ரகுமானும் 1975இல் கொல்லப்பட்டது வேறு கதை.) சியரா லியோனிலும் மக்கள் வாக்களித்து வந்த அரசாங்கமொன்று இருந்தது, ஐ.நா. படையும் பல ஆண்டுகள் கூட நின்றது. அதே இந்தியா இங்கே வந்தபோது சாவியைக் கொடுக்கத் தகுந்த கையைத் தானே செய்து பார்த்தது. ஈராக்கில் இன்னும் மோசம். 2003 மே மாதம், அந்நாட்டை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய போல் பிரேமர் ஓர் உத்தரவில் சதாமின் பாத் கட்சிக்காரரை வேலையிலிருந்து நீக்கினார், அடுத்த உத்தரவில் முழு இராணுவத்தையும் கலைத்தார். இலட்சக்கணக்கானோர் வேலையும் ஓய்வூதியமும் இல்லாமல், கையில் ஆயுதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் அதிகாரிகளாக இருந்த பலர் பின்னர் ஐ.எஸ். இயக்கத்தில் முக்கிய இடங்களில் இருந்தார்கள். 2014 ஜூனில் மோசூல் விழுந்தபோது, அமெரிக்கா புதிதாகக் கட்டிய இராணுவம் சீருடையைக் கழற்றிவிட்டு ஓடியது. மறுபடியும் அதே சீருடை.

எனக்குத் தபால் உத்தியோகத்தனின் புத்திதான். தலைமைத் தபாலதிபர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது முத்திரை, காசுப் பெட்டி, பதிவேடு எல்லாவற்றையும் அடுத்தவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்காமல் படியிறங்க முடியாது. 1990 மார்ச் 24ஆந் திகதி கடைசி இந்தியக் கப்பல் திருகோணமலையிலிருந்து புறப்பட்டபோது எதை எண்ணிக் கொடுத்தார்கள், யார் கையொப்பமிட்டார்கள்? ஆயிரத்துக்கு மேற்பட்ட தங்கள் படையினரையும் அவர்கள் இங்கே இழந்திருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. அந்தத் தாய்மாரின் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

வாவிக்கரை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. மூன்று பாடவேளைகளுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. கரும்பலகையில் எழுதிய லிபியா, ஈராக் என்ற இரண்டு தலைப்புகளை அழித்துவிட்டு, யார் கையொப்பமிட்டார்கள், யாரிடம் ஒப்படைத்தார்கள், கூட நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்ற வரிசையில் லிபியாவையும் சோமாலியாவையும் நமது மாவட்டத்தையும் ஒரே அட்டவணையில் போடப்போகிறேன். சூரிச் நண்பரின் கேள்வியை அதே அட்டவணையில் இன்னொரு நிரலாக, ருவாண்டாவோடும் வன்னியோடும் சேர்ப்பேன். ஹெய்ட்டியையும் சேர்க்க யோசிக்கிறேன், அங்கே ஐ.நா. கொடியின் கீழ் போன நமது நாட்டுப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்னொருவர் ஊரில் நாமும் அந்நியப் படையாக நின்றிருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

திருக்கோவில் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மச்சானைப் பற்றி எழுதிய பகுதியை வகுப்பில் வாசிக்க அனுமதிப்பீர்களா? பெயர் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். எனினும் கேட்காமல் வாசிக்க மனம் வரவில்லை.

திருக்கோவில் கடற்கரை

வாசியுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவேண்டாம். மாமிக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. அவன் வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிறான் என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறா. உங்கள் வகுப்பில் எங்கள் பக்கத்துப் பிள்ளை யாராவது இருக்கக்கூடும். கேட்ட கதையை வீட்டில் போய்ச் சொன்னால், மூன்றாம் நாள் அது அவவின் வாசலுக்கு வந்துவிடும்.